ஃப்ளோட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி: சின்ன விமான எஞ்சினின் கார்பரேட்டரில் கோளாறு தேடும் முறை



போன செமஸ்டர் லீவுல நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்துல இருந்தே இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். எங்க தாத்தாவோட பழைய கார்பரேட்டர் பைக். பாளையங்கோட்டை வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சா, ராத்திரி முழுக்க ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டும். காலையில வாசல் பூரா பெட்ரோல் வாடை. மூணாம் வருஷ மெக்கானிக்கல் பையன் வீட்டுல இருக்கும்போது மெக்கானிக் எதுக்குன்னு நானே களத்துல இறங்கினேன். ஒரு வீடியோ பாத்தேன். "ஓவர்ஃப்ளோ ஆனா ஃப்ளோட் லெவல் தப்பு, அந்த நாக்கை லேசா வளைச்சு விடுங்க"ன்னு சொன்னாங்க. கார்பரேட்டரைக் கழட்டி, நாக்கை வளைச்சு, திரும்ப மாட்டினேன். சொட்டு நின்னு போச்சு. வீட்டுல ஒரே பெருமை.

ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சியைப் பின்னாடி உக்கார வச்சு பாபநாசம் போனேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் ஃபுல் த்ராட்டில் குடுத்தேன். வண்டி இழுக்கல. மூச்சு முட்டுற மாதிரி ரெண்டு தடவை திணறி, சரியா ஒரு வளைவுல செத்துப் போச்சு. பின்னாடி பஸ். டிரைவர் பிரேக் அடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்படியே உருட்டி ஓரமா ஒதுக்கிட்டோம்.

விக்கிரமசிங்கபுரத்துல ஒரு மெக்கானிக் அண்ணாச்சி பவுலைக் கழட்டிப் பாத்தாரு. அடியில துரு, மணல் மாதிரி. அப்புறம் ஃப்ளோட்டைப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு.

"இத வளைச்சது யாருல?"

"நான்தான் அண்ணாச்சி."

"ஃப்ளோட்டு நல்லாத்தான இருந்திருக்கு. டேங்க்கு துரு நீடில்ல மாட்டியிருக்கு. நீ கழட்டும்போது துரு தானா விழுந்துட்டு. சொட்டு நின்னது அதுனாலதான். நல்லா இருந்தத நீ கெடுத்து வச்சிருக்க."

அன்னைக்கு ராத்திரி பெரியப்பா மக அக்காகிட்ட போன்ல இதைச் சொன்னேன். அக்கா சென்னையில விமானப் பராமரிப்பு படிக்கிறாங்க. சிரிப்பாங்கன்னு நினைச்சேன், சிரிக்கல. "எலே, நீ ரோட்டோரமா ஒதுக்கிட்ட. இதே கார்பரேட்டர் விமானத்துலயும் இருக்கு. ரெண்டாயிரம் அடியில இருக்கிறவன் எங்க போய் ஒதுக்குவான்?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அந்தக் கேள்விக்காகப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

விமானத்துல இன்னும் கார்பரேட்டரா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்த பிறகு நம்ம நாட்டுல புது பைக்குகளில் கார்பரேட்டர் கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. ஆனால் பயிற்சி விமானங்களில் கதை வேற. உலகம் முழுக்க பைலட் பயிற்சிக்குப் பயன்பட்ட செஸ்னா 152 விமானத்தில் லைகாமிங் ஓ-235 எஞ்சின். நாலு சிலிண்டர், சுமார் 3.8 லிட்டர், சுமார் 110 குதிரைத்திறன், கார்பரேட்டர். பெயரில் உள்ள 'ஓ' என்பது சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் அமைப்பைக் குறிக்கும். முன்னாடி ஒரு 'ஐ' சேர்ந்து 'ஐஓ' என்று இருந்தால்தான் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். 235 என்பது கன அங்குலத்தில் எஞ்சின் கொள்ளளவு. அடுத்த தடவை ஒரு எஞ்சின் பெயரைப் பாத்தா நீங்களே படிச்சிடலாம்.

நம்ம நாட்டுத் தயாரிப்பும் உண்டு. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்த புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானம் 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்புகளுக்குப் போன இந்த விமானத்தில்தான் ஒரு தலைமுறை பைலட்டுகள் கத்துக்கிட்டாங்க. அதிலும் கார்பரேட்டர்தான்.

இவை எல்லாம் ஃப்ளோட் வகை கார்பரேட்டர்கள். தத்துவம் தாத்தா பைக்கில் இருப்பதேதான். ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: இந்த விமான எஞ்சின்களில் கார்பரேட்டர் எஞ்சினுக்கு அடியில் இருக்கும், காற்று கீழிருந்து மேலே போகும். அதனால் ஓவர்ஃப்ளோ ஆனால் பெட்ரோல் கீழே இருக்கும் ஏர்பாக்ஸுக்குள் வடியும். இது ஏன் ஆபத்து என்று பிறகு பார்க்கலாம்.

அணைக்கட்டும் ஃப்ளோட் சேம்பரும்

நெல்லைக்காரங்களுக்கு ஃப்ளோட் சேம்பரைப் புரிய வைக்கிறது ஈஸி. பாபநாசம் அணை தண்ணியைச் சேர்த்து வைக்குது. ஆனால் அதுக்குக் கீழே கோடைமேலழகியானில் இருந்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை இருக்கிற எட்டு அணைக்கட்டுகளோட வேலை சேர்த்து வைக்கிறது இல்ல. ஆத்துல தண்ணி மட்டத்தை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கிக் குடுக்கிறது. மட்டம் சரியா இருந்தாத்தான் பக்கத்துல இருக்கிற கால்வாய் மடையில தண்ணி ஏறும்.

பெட்ரோல் டேங்க்தான் அணை. ஃப்ளோட் சேம்பர் அணைக்கட்டு. ஜெட்தான் கால்வாய் மடை. சேம்பருக்குள் பெட்ரோல் மட்டம் மேலே வந்தால் ஃப்ளோட் மிதந்து எழும், அது நீடிலை சீட்டில் அழுத்தும், வரத்து நிற்கும். மட்டம் இறங்கினால் ஃப்ளோட் இறங்கும், நீடில் விலகும், பெட்ரோல் வரும். வீட்டு மாடித் தொட்டியில் இருக்கிற பால் வால்வு செய்யும் அதே வேலை.

ஜெட்டில் இருந்து வரும் குழாயின் வாய், சேம்பர் மட்டத்தை விடச் சில மில்லிமீட்டர் மட்டும் உயரத்தில் இருக்கும். வென்சுரியில் காற்று வேகமாகப் போகும்போது உண்டாகும் அழுத்தக் குறைவு, அந்தச் சில மில்லிமீட்டரைத் தாண்டி பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். மட்டம் ஏறினால் உறிஞ்சுவது சுலபம், கலவை ரிச். மட்டம் இறங்கினால் உறிஞ்சுவது கஷ்டம், கலவை லீன். இந்தச் சில மில்லிமீட்டர்தான் மொத்த விஷயமும். நான் நாக்கை வளைத்தபோது தொட்டது இதைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம்

எக்ஸாமுக்கும் உதவும், பயப்படாதீங்க. எண்கள் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை.

முதல் கணக்கு: நீடிலை எவ்வளவு விசையில் அழுத்த வேண்டும்? செஸ்னா 152இல் டேங்க் இறக்கைக்குள் இருக்கும், பெட்ரோல் பம்ப் இல்லாமல் தானாகவே கீழே இறங்கி வரும். உயரம் 1 மீட்டர் என்று வைப்போம். விமானப் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 720 கிலோ. அழுத்தம் = 720 × 9.81 × 1, அதாவது சுமார் 7 கிலோபாஸ்கல். சீட்டின் ஓட்டை 3 மி.மீ. விட்டம் என்றால் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. விசை சுமார் 0.05 நியூட்டன், அதாவது 5 கிராம் எடைக்குச் சமம். ஃப்ளோட் கை 3க்கு 1 நெம்புகோல் என்றால் ஃப்ளோட் தர வேண்டியது 2 கிராமுக்கும் குறைவு!

இப்போது இறக்கை கீழே இருக்கும் விமானத்தை எடுங்க. டேங்க் எஞ்சினை விடத் தாழ்வாக இருப்பதால் பம்ப் வேண்டும். பம்ப் 35 கிலோபாஸ்கல் தருது என்றால் விசை ஐந்து மடங்கு. அதே ஃப்ளோட், அதே சீட் என்றால் அவ்வளவு விசை தர ஃப்ளோட் இன்னும் ஆழமாக மூழ்க வேண்டும், மட்டம் ஏறும். அதனால்தான் தானாக இறங்கும் அமைப்புக்கு ஒரு அளவு சீட்டும் பம்ப் அமைப்புக்கு அதைவிடச் சின்ன ஓட்டை உள்ள சீட்டும் வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்குதேன்னு மாத்திப் போட்டா, புது பாகத்தாலேயே கோளாறு வரும்.

இரண்டாவது கணக்கு: ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து 1 கன செ.மீ. பெட்ரோல் உள்ளே போய்விட்டது. மட்டம் எவ்வளவு ஏறும்? கூடின எடை 1 கன செ.மீ. பெட்ரோலின் எடை. அதைத் தாங்க ஃப்ளோட் கூடுதலாக இடம்பெயர்க்க வேண்டியதும் அதே 1 கன செ.மீ. பெட்ரோல். அடர்த்தி அடிபட்டுப் போகும். ஃப்ளோட்டின் மேல்பார்வைப் பரப்பு 10 சதுர செ.மீ. என்றால் மட்டம் 1 மி.மீ. ஏறும். ஒரு சின்ன ஸ்பூன் அளவு கூட இல்லாத பெட்ரோல், நம்ம கையில் இருக்கும் சில மில்லிமீட்டரில் ஒன்றைத் தின்னுடுது.

ஃப்ளோட் பக்கம் என்னென்ன கெடும்?

ஒன்று, ஃப்ளோட் மூழ்குவது. பழைய ஃப்ளோட்டுகள் பித்தளைத் தகட்டில் செய்து ஈயப் பற்றுவைத்தவை. அதிர்வில் பற்றுவைத்த இடம் விரியும். பிறகு உள்ளே வெற்றிடம் உள்ள பிளாஸ்டிக் வகை வந்தது, அதிலும் பெட்ரோல் உள்ளே இறங்கும் புகார் வந்தது. அடுத்து வந்தது உள்ளே வெற்றிடமே இல்லாத எபாக்ஸி நுரை வகை. வெற்றிடம் இல்லையென்றால் பெட்ரோல் போய் நிரம்ப இடமும் இல்லை.

இரண்டு, ஃப்ளோட் உரசுவது. ஃப்ளோட் கை லேசாகக் கோணினாலோ ஹிஞ்ச் பின் தேய்ந்தாலோ ஃப்ளோட் பவுலின் சுவரில் உரசும். மேலே மாட்டினால் எஞ்சின் பட்டினி. கீழே மாட்டினால் வெள்ளம். நின்றிருக்கும்போது ஒழுங்காக இருந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் வரும் கோளாறு என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

மூன்று, நீடிலும் சீட்டும். நீடில் முனையில் வளையம் போல் தேய்மானம், சீட் லூஸ், சீட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் கசிவு, நடுவில் தூசி. என் வண்டியில் இருந்தது இந்தக் கடைசிதான்.

நான்கு, மட்ட அளவு தப்பாக வைக்கப்பட்டது. இது தானாக வராது. யாரோ கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். நான்தான் சாட்சி.

ஃப்ளோட் வேஷம் போடும் மற்ற கோளாறுகள்

எஞ்சின் ரிச்சாக ஓடுது, கருப்புப் புகை, பிளக்கில் கரி. உடனே ஃப்ளோட்டா? அவசரப்படாதீங்க.

பிரைமர்: விமானம் ஸ்டார்ட் செய்யும் முன் கையால் பெட்ரோல் அடிக்கும் சின்ன பம்ப். அதன் கைப்பிடியைத் திரும்பப் பூட்டாமல் விட்டால் ஓடும் எஞ்சின் அதன் வழியாகவே கூடுதல் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். கோளாறு கையால் பூட்டினாலே தீரும்!

ஏர் ஃபில்டர்: அடைத்துப்போன ஃபில்டர் காற்றைக் குறைக்கும். நம்ம ஊர் செம்மண் தூசிக்கு இது சர்வ சாதாரணம்.

மிக்ஸ்சர் கேபிள்: விமானத்தில் கலவையைப் பைலட்டே கையால் மாற்ற முடியும். அந்தக் கேபிள் முழுசாக நகரவில்லை என்றால் அறிகுறி ஃப்ளோட் கோளாறு போலவே இருக்கும்.

ஐஸ்: "திருநெல்வேலி வெயில்ல ஐஸா?"ன்னு நானும் கேட்டேன். வென்சுரியில் அழுத்தம் குறைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் காற்றின் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் விழலாம். ஈரப்பதம் அதிகம் இருந்தால், வெளியே 25 டிகிரி இருக்கும் நாளிலும், குறைந்த பவரில் இறங்கும்போது த்ராட்டில் தட்டில் ஐஸ் பிடிக்கும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையை நினைச்சுக்கோங்க. எஞ்சின் திணறும். தரையிறங்கி ஹேங்கருக்கு வருவதற்குள் ஐஸ் உருகி, சாட்சியமே இல்லாமல் போயிடும். அப்போ கார்பரேட்டரைப் பிரிச்சா நல்ல ஃப்ளோட்தான் இருக்கும். அதை யாராவது 'சரி பண்ணி' விட்டா, அடுத்த தடவை நிஜமாகவே கோளாறு.

ஃப்ளோட் நல்லா இருந்தும் எஞ்சின் நின்ற கதை

இதுக்கு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், ஃப்ளோட் கார்பரேட்டர். எதிரில் வந்த ஜெர்மன் விமானங்களில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். ஜெர்மன் விமானம் சட்டென்று மூக்கைக் கீழே தள்ளிப் பாய்ந்தால், பின்தொடர்ந்து அதேபோல் பாயும் ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் நின்று நின்று போகும். போர் நடுவில், எதிரிக்கு முன்னால்.

காரணம் என்ன? மூக்கைத் திடீரென்று கீழே தள்ளும்போது, ரோட்டில் மேட்டைத் தாண்டும் பஸ்ஸில் வயிறு மேலே எழும்புவது போல், எல்லாமே மேலே எழும். ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் கூரைக்குப் போகும். கீழே உள்ள ஜெட்டுக்குப் பெட்ரோல் இல்லை, எஞ்சின் ஒரு கணம் பட்டினி. அதோடு முடியாது. பெட்ரோல் மேலே இருப்பதால் ஃப்ளோட் கீழே தள்ளப்படும், நீடில் முழுக்கத் திறக்கும், பம்ப் தன் முழு வேகத்தில் பெட்ரோலைக் கொட்டும். இப்போது எஞ்சின் வெள்ளத்தில் மூச்சு முட்டும். இரண்டாவது நிறுத்தம் முதலாவதை விட மோசம்.

ஃப்ளோட் கெடவில்லை. நீடில் தேயவில்லை. அளவு தப்பில்லை. ஃப்ளோட்டை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீர்ந்திருக்காது.

தீர்த்தவர் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையும் கூட. 1934இல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நார்ட்டன் பைக்கில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி கோல்ட் ஸ்டார் வாங்கியவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: முழு பவரில் இந்த எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? அவ்வளவு மட்டும் போகும்படி ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டை பெட்ரோல் வரும் வழியில் வைத்தார். நீடில் முழுக்கத் திறந்தாலும் அதற்கு மேல் பெட்ரோல் வராது, வெள்ளம் வராது. 1941இல் அவரும் சின்னக் குழுவும் விமானத்தளம் விமானத்தளமாகப் போய் இதைப் பொருத்தினார்கள். விமானத்தைப் படையில் இருந்து விலக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. முதல் கணப் பட்டினி அப்படியே இருந்தது, முழுத் தீர்வு பிறகு வந்த வேறு வகை கார்பரேட்டர்களால்தான். ஆனால் உயிரைக் குடித்த அந்த இரண்டாவது நிறுத்தம் போனது.

தேடும் வரிசை

இப்போது விஷயத்துக்கு வருவோம். சின்ன விமானத்தில் ஃப்ளோட் கோளாறு சந்தேகம் வந்தால் எந்த வரிசையில் போவது? விலை குறைந்தது, பிரிக்காமல் பார்க்கக்கூடியது முதலில். பிரிப்பது கடைசியில். நான் பைக்கில் செய்தது இதுக்கு நேர் தலைகீழ்.

1. கேள். எப்போது வருது? தரையிலா, ஏறும்போதா, இறங்கும்போதா? அன்னைக்கு வானிலை என்ன? கடைசியா யார் எதைக் கழட்டினாங்க? லாக்புக்கில் எழுதியிருக்கும்.

2. பார். விமானத்துக்கான 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். கசிந்து காய்ந்த இடத்தில் நீலக் கறை நிற்கும். கறை கார்பரேட்டரின் இரண்டு பாதிகள் சேரும் இடத்திலா, பெட்ரோல் குழாய் இணைப்பிலா, ஏர்பாக்ஸ் வடிகாலிலா? இந்த மூணும் மூணு வேற கோளாறு.

3. காத்திரு. ஸ்டார்ட் பண்ணும்போது பிரைமர் அடிச்சாலோ த்ராட்டிலை முன்னும் பின்னும் ஆட்டினாலோ கொஞ்சம் சொட்டும், அது நின்றுவிடும். எஞ்சினை நிறுத்தி, பெட்ரோல் வால்வை மட்டும் திறந்து வைத்துப் பாருங்க. சொட்டு நிற்காமல் தொடர்ந்தால் நீடில், சீட், ஃப்ளோட் மூன்றில் ஒன்று. வால்வை மூடினதும் கொஞ்ச நேரத்தில் நின்றால் சந்தேகம் உறுதியாகுது.

4. ஓட்டிப் பார். ஐடிலில் மிக்ஸ்சரை மெதுவாக வெளியே இழுத்தால் எஞ்சின் நிற்கும் முன் வேகம் லேசாக ஏறும். பல லைகாமிங் எஞ்சின்களுக்கு 50 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறினால் கலவை ரிச், ஏறாமலே விழுந்தால் லீன். முழுக்க இழுத்தும் எஞ்சின் சரியாக நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வேறு வழியில் உள்ளே போகுது. இங்கே ஒரு எச்சரிக்கை: ரிச்சாக இருக்குன்னு ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பி ஆர்பிஎம்மைச் 'சரி' பண்ணிடலாம். மட்டம் ஏறியிருப்பது மறைந்துபோகும். முழு பவரில் அது மறுபடி தலைகாட்டும்.

5. வடி. ஃபில்டரையும் பவுலையும் வடித்து, வந்ததைச் சுத்தமான பாத்திரத்தில் பாருங்க. தண்ணீரா, துருவா, ரப்பர் துணுக்கா? ரப்பர் துணுக்கு என்றால் ஹோஸ் உரியுது. நீடிலை மட்டும் சுத்தம் பண்ணினா அடுத்த வாரம் அதே கோளாறு. பவுலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் ஓவர்ஃப்ளோ நின்றுவிடும் என்பது எல்லா பைக் மெக்கானிக்கும் அறிந்தது. விமானத்தில் அது ஒரு தகவல் மட்டும், தீர்வு கிடையாது. தட்டி நின்றால் தூசி அல்லது உரசல் என்று எழுதிக்கொண்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

6. இப்போதுதான் பிரிப்பது. பவுல் சுவரில் பளபளப்பான உரசல் கோடு இருக்கா? ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டினால் உள்ளே சளசள சத்தம் வருதா? பித்தளை ஃப்ளோட் என்றால் பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் சுடுதண்ணிக்குள் அமுக்கிப் பாருங்க. உள்ளே உள்ள காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழி விடும். நீடில் முனையில் வளையம்? ஹிஞ்ச் பின்னில் ஆட்டம்? மட்ட அளவை மூடியைத் தலைகீழாகப் பிடித்து, கேஸ்கெட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் உள்ள இடைவெளியில் அளந்து, அந்தக் கார்பரேட்டரின் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். மெக்கானிக்குகள் சரியான விட்டமுள்ள ட்ரில் பிட்டின் வழவழப்பான பகுதியையே இதுக்கு அளவுகோலாக வைப்பதுண்டு. ஃப்ளோட்டின் இரண்டு பக்கமும் அளக்கணும். ஒரு பக்கம் மட்டும் தப்பாக இருந்தால் கை கோணியிருக்கு.

7. மாட்டிச் சோதி. புது கேஸ்கெட், சொன்ன அளவு டார்க், பூட்டும் தகடு அல்லது பூட்டுக் கம்பி, கசிவுச் சோதனை, தரையில் முழு பவர் வரை ஓட்டம். பிறகு லாக்புக்கில் என்ன பார்த்தோம், என்ன அளந்தோம், என்ன மாற்றினோம் என்று எழுதி, கையெழுத்து.

தீ பற்றி இரண்டு வரி

ஏர்பாக்ஸுக்குள் வடிந்த பெட்ரோல் ஏன் ஆபத்து என்று முன்னாடி விட்டு வச்சேன். ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் பின்னோக்கி வெடித்தால் அந்தத் தீப்பொறி நேராகக் கார்பரேட்டர் வழியாக ஏர்பாக்ஸுக்கு வரும். அங்கே பெட்ரோல் குளம் இருந்தால் தீ. அப்போது பதறி ஸ்டார்ட்டரை விட்டுவிடக் கூடாது, தொடர்ந்து சுற்ற வேண்டும் என்று செஸ்னா கையேடுகள் சொல்லுது. எஞ்சின் உறிஞ்சினால் தீயும் உள்ளே இழுக்கப்படும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் காற்று போகும் திசையை நினைச்சா புரியும்.

பைக்கிலும் இதே எச்சரிக்கை உண்டு. ராத்திரி முழுக்கச் சொட்டின பெட்ரோல் சில வண்டிகளில் சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீங்க. ஹாஸ்டல் ஸ்டாண்டில் சொட்டும் வண்டி பக்கத்தில் யாரையும் சிகரெட் பத்த விடாதீங்க.

யார் கை வைக்கலாம்?

விமானக் கார்பரேட்டரை நீங்களோ நானோ தொட முடியாது. டிஜிசிஏ உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்தான் வேலையை ஏற்றுக் கையெழுத்துப் போட முடியும். பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை இருந்தா பைக்கில் ஈயம் வச்சு அடைச்சிடுவோம். ஆனால் வச்ச ஈயத்தின் எடையே மட்டத்தை மாற்றும்னு மேலே போட்ட கணக்கு சொல்லுது. ஒரு கிராம் ஈயம் கூடினாலும் மட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். அதனால் விமானத்தில் அங்கீகரிக்கப்பட்ட புது ஃப்ளோட்தான்.

அக்காகிட்ட ஒண்ணு கேட்டேன்: "இவ்வளவு எழுதி வைக்கணுமா?" அவங்க சொன்னது: "நீ வளைச்சத எங்கயாவது எழுதி வச்சியால? எழுதி வச்சிருந்தா அந்த அண்ணாச்சிக்குக் கோளாறு கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். அவர் கண்ணு நல்லா இருந்ததால தப்பிச்ச."

தாத்தா வண்டிக்கு இப்போ டேங்க்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, ஃப்ளோட்டைப் பழைய அளவுக்கே திருப்பி வச்சாச்சு. சொட்டு இல்ல. பாபநாசம் ஏத்தமும் ஏறுது. சைடு பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கேன்: "ஃப்ளோட் நாக்கை நான் வளைத்தேன். தப்பு. திருப்பி வைக்கப்பட்டது."

வைவாவுக்குச் சில கேள்விகள், விடை மேலேயே இருக்கு:

1. ஃப்ளோட்டுக்குள் 2 கன செ.மீ. பெட்ரோல் போனால், ஃப்ளோட் பரப்பு 8 சதுர செ.மீ. என்றால் மட்டம் எவ்வளவு ஏறும்?
2. பம்ப் உள்ள அமைப்புக்குச் சின்ன சீட் ஏன்?
3. மெர்லின் எஞ்சின் இரண்டு தடவை நின்றது. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன? ஷில்லிங்கின் பித்தளைத் துண்டு எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை?
4. மழை விட்ட காலையில் இறங்கும்போது திணறிய எஞ்சின், தரையில் ஒழுங்காக ஓடுது. கார்பரேட்டரைப் பிரிக்கும் முன் என்ன கேட்பீங்க?

நாலாவதுக்கு ஒழுங்கா பதில் சொல்றவங்க என்னை விட நல்ல மெக்கானிக். அடுத்த இதழில் மேக்னட்டோ பற்றிப் பார்ப்போம்.